கட்டாயத்தை யார் தோளில் வைக்கப் போகிறீர்கள்?

ஜெனீவாவில் குழந்தைகளின் கல்வி உரிமைக்கான புதிய நெறிமுறையை விவாதிக்கும் அரசுப் பிரதிநிதிகளுக்கு,



முன்பள்ளியையும் மேல்நிலைக் கல்வியையும் இலவச உரிமையாகச் சேர்க்கலாமா என்று ஆராயத்தான் 2024 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை உங்கள் செயற்குழுவை அமைத்தது. 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறது. அதற்கு மேலே போனதும் அதன் குரல் தணிந்துவிடுகிறது. ஊக்குவியுங்கள், கைக்கெட்டும்படி செய்யுங்கள் என்பதோடு நின்றுகொள்கிறது. அந்தக் குரல் உயர வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். உயரும் குரல் யாரைப் பார்த்து உயரப்போகிறது என்பதுதான் என் கவலை.

நான் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அவையின் ஆறு ஆட்சிமொழிகளில் என் மொழி இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதும் விதி என்றாவது ஒரு நாள் எங்கள் ஒன்றியத்து வருகைப் பதிவேடு வரை வந்து சேரும். அதனால் பேசும் உரிமை எனக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

உங்கள் விவாதத்தில் இரண்டு கட்சிகள் இருப்பது தெரிகிறது. உலகம் முழுமைக்கும் ஒரே விதி, ஒரே வயது, ஒரே கால அளவு என்பது ஒரு கட்சி. எங்கள் சமூகம் வேறு, எங்கள் வழக்கம் வேறு, வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டாம் என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே குழந்தையின் பெயரால்தான் பேசுகின்றன. இரண்டும் குழந்தைக்குத் தீங்கு செய்திருக்கின்றன. எந்தக் கட்சி வென்றாலும் எனக்கு மகிழ்ச்சி இருக்காது.

முதல் கட்சியிடம் முதலில் கேட்கிறேன். கட்டாயக் கல்வி என்ற சொல் கனடாவின் பழங்குடி மக்களின் காதில் எப்படி விழும் என்று யோசித்திருக்கிறீர்களா? 1920-இல் அங்கே இந்தியர் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையுள்ள பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வருவதைக் கட்டாயமாக்கினார்கள். அனுப்ப மறுத்த பெற்றோருக்குத் தண்டனை. பள்ளி என்று அவர்கள் சொன்னது, வீட்டிலிருந்து வெகுதொலைவில் தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளியை. குறைந்தது 1,50,000 குழந்தைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். சொந்த மொழியில் பேசியதற்கு அடி வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவேயில்லை. 2015-இல் அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. இத்தனையும் நடந்தது கல்விச் சட்டத்தின் பெயரில், வருகைப் பதிவேடு வைத்து, ஆய்வாளரை அனுப்பி. டென்மார்க் 1951-இல் கிரீன்லாந்திலிருந்து 22 குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, டேனியர்களாக்கிப் பார்க்க அழைத்துப் போனது. அந்த அரசு மன்னிப்புக் கேட்க 2020 ஆயிற்று. உங்கள் அவையில் இருக்கும் பல நாடுகளின் வரலாற்றில் இப்படி ஓர் அத்தியாயம் உண்டு. எந்த நாடு என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

அதே வடதுருவப் பகுதியில் நடந்த இன்னொரு கதையையும் கேளுங்கள். அலாஸ்காவின் பல பழங்குடிக் கிராமங்களில் அப்போது உயர்நிலைப் பள்ளி கிடையாது. படிக்க வேண்டுமென்றால் பல நூறு மைல் தள்ளி விடுதிக்குப் போக வேண்டியிருந்தது. 1972-இல் அந்தக் குழந்தைகளின் சார்பில் வழக்குப் போட்டார்கள். முதல் வழக்காடியின் பெயரால் அதை மோலி ஹூச் வழக்கு என்கிறார்கள். அவர்கள் பள்ளி வேண்டாம் என்று கேட்கவில்லை. பள்ளி எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். 1976-இல் வந்த உடன்பாட்டின்படி 126 கிராமங்களில் உயர்நிலை வகுப்பு தொடங்கும் பொறுப்பை மாநிலம் ஏற்றது. ஊர் மக்கள் வேண்டாம் என்றால் மட்டுமே விலக்கு. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தர வேண்டியது அரசின் கடமை, மறுக்கும் உரிமை ஊரின் கையில். பல பத்தாண்டு அறிவுரைகள் சாதிக்காததை ஒரு வழக்கு சாதித்தது. கடமை எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இருந்ததால்.

மங்கோலியாவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. உலகத் தரத்துக்கு ஏற்பப் பள்ளிக் காலத்தைப் பன்னிரண்டு ஆண்டாக நீட்டினார்கள்; 2008-இல் பள்ளி சேரும் வயது 6 ஆனது. முன்பு 8, பிறகு 7, இப்போது 6. நகரத்துப் பிள்ளைக்கு இது ஒன்றுமில்லை. ஆட்டையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு புல்வெளி மாறும் குடும்பத்துக்கு, ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விடுவதா அல்லது தாயும் பிள்ளையும் சிறு நகரத்தில் குடியேறித் தந்தை மட்டும் மந்தையோடு போவதா என்ற கேள்வி வந்து நின்றது. பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய 1990-களில் இன்னொரு கூத்து: விடுதியில் தங்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து இறைச்சி தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஏழை மேய்ப்பர்கள் பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள். வருகை கட்டாயம், சாப்பாடு உன் பொறுப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

சரி, இதையெல்லாம் கேட்டதும் மற்றொரு கட்சி கைதட்டும். அவசரப்பட வேண்டாம்.

சமூகம் வேறு என்ற வாதத்தை இன்று உலகிலேயே உரக்கச் சொல்பவர்கள் காபூலில் ஆள்கிறார்கள். 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் படிக்கக் கூடாது. உலகில் வேறெங்கும் இப்படி ஒரு தடை இல்லை. அது அந்த மக்களின் பண்பாடு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அதே நாட்டின் 2004-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் நடுநிலைக் கல்வி வரை கட்டாயம் என்று எழுதியிருந்தது. இன்றும் வீட்டு அறைகளில் ரகசியமாக வகுப்பு நடத்துபவர்களும், அங்கே மகளை அனுப்பும் தந்தையரும் அதே பண்பாட்டைச் சேர்ந்தவர்கள்தாம்.

சியரா லியோனின் பிரதிநிதிகளே, உங்களைத் தனியாகக் குறிப்பிடுவதற்கு மன்னிக்கவும். குறை சொல்ல அல்ல. கருவுற்ற மாணவி வகுப்பில் இருந்தால் மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள் என்று 2015-இல் உங்கள் அரசு அவர்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. நாட்டு வழக்கம், ஒழுக்கம் என்றுதான் அதற்கும் காரணம் சொன்னார்கள். 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் அது தவறு என்றது. 2020 மார்ச்சில் தடை போனது. இன்று இந்த நெறிமுறையை முன்னெடுக்கும் நாடுகளில் நீங்களும் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வந்த ஒரு விதி உள்ளே இருந்த குழந்தைக்கு உதவ முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி. அதை அவையில் எழுந்து சொல்லுங்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆமிஷ் தந்தையர் மூவர் 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கை இரண்டு கட்சியும் மேற்கோள் காட்டும். எட்டாம் வகுப்போடு போதும், அதற்கு மேல் பள்ளி எங்கள் சமயத்துக்கும் பண்ணை வாழ்க்கைக்கும் எதிரி என்று அவர்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அபராதம் ஆளுக்கு ஐந்து டாலர். நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பை விட நீதிபதி டக்ளஸ் எழுதிய மாறுபட்ட கருத்துதான் பெரிதாகப் படுகிறது. வழக்கு அரசுக்கும் பெற்றோருக்கும் நடுவே நடக்கிறது; பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா என்று அவர் கேட்டார். ஒரு பிள்ளை மட்டுமே தன் மனதைச் சொல்லியிருந்தாள். உங்கள் வரைவிலும் அந்தக் கேள்விக்கு இடம் இருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண்ணின் படிப்பைப் பற்றி அரசு ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவளைக் கூப்பிட்டுக் கேட்பது எந்தச் சமூகத்துக்கும் இழுக்கு அல்ல.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். பொங்கல் முடிந்ததும் எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். முன்பணம் வாங்கியாயிற்று, போகாமல் இருக்க முடியாது. பிள்ளைகளும் கூடவே போவார்கள். பெரிய பிள்ளை கல்லைத் திருப்பிப் போடும், சின்னதைப் பார்த்துக்கொள்ளும். நாங்கள் பதிவேட்டில் 'நீள் விடுப்பு' என்று எழுதுவோம். மழைக்கு முன் திரும்பும்போது புதிய கல்வி ஆண்டு தொடங்கியிருக்கும். ஒரு முறை மேலதிகாரி ஒருவர் வந்து, வராத பிள்ளைகளின் பெற்றோருக்கு நோட்டீஸ் கொடுங்கள் என்றார். யாரிடம் கொடுப்பது? வீடு பூட்டிக் கிடந்தது. முன்பணம் கொடுத்து அவர்களைக் கூட்டிப்போன மேஸ்திரிக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. சூளை முதலாளிக்கும் வரவில்லை. கட்டாயம் என்ற சொல்லை அரசு உச்சரித்த போதெல்லாம் அது கடைசியில் வந்து விழுந்தது ஒரு கூலிக்காரத் தாயின் தலையில்தான்.

இந்தியாவின் சட்ட வரலாற்றில் உங்களுக்குப் பயன்படக் கூடிய ஒன்று இருக்கிறது. 1911-இல் கோபால கிருஷ்ண கோகலே, உள்ளாட்சிகள் விரும்பினால் சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரலாம் என்ற அடக்கமான ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் அது 38-க்கு 13 என்று தோற்றது. மக்கள் இன்னும் தயாராக இல்லை என்றது ஆங்கில அரசு. நிலக்கிழார்களும் ஒத்துப் பாடினார்கள். சமூகம் தயாராக இல்லை என்ற பல்லவியை நீங்கள் இப்போது கேட்கும்போதெல்லாம், அதைப் பாடுபவரின் வயலில் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். விடுதலைக்குப் பின் அரசியல் சட்டம் பத்தாண்டுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று நெறி வகுத்தது. பத்தாண்டு ஐம்பதாண்டு ஆயிற்று. 2002-இல் சட்டத் திருத்தம், 2009-இல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அந்தச் சட்டத்தில் குறைகள் ஏராளம். ஆனால் அதன் 8-ஆம் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்தது: கட்டாயம் என்பது அரசின் கடமை என்று வரையறுத்தது. சேர்ப்பதும், வரவைப்பதும், முடிக்கவைப்பதும் அரசின் வேலை. பெற்றோருக்கும் கடமை உண்டு என்கிறது; தண்டனை எதையும் வைக்கவில்லை. நூறாண்டு தடுமாறியபின் ஒரு ஏழை நாடு கண்டடைந்த வாசகம் இது. உங்கள் வரைவில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது எது என்று என்னைக் கேட்டால், சோறு என்பேன். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு. எந்த நோட்டீஸும் செய்யாத வேலையை ஒரு தட்டுச் சோறும் முட்டையும் செய்தன. ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான்: கென்யா 2003 ஜனவரியில் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய 59 லட்சத்திலிருந்து 72 லட்சமானது. மலாவியில் 1994-இல் 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. அந்தத் தாய்தந்தையரைப் போலீஸ் விரட்டவில்லை. பணம் கேட்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் வந்து குவிந்தபோது ஆசிரியரும் இல்லை, அறையும் இல்லை. நூறு பேர் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அந்தக் கட்டணத்தை 1980-களில் ஏழை நாடுகள் மீது சுமத்தியதில் சர்வதேசக் கடன் அமைப்புகளுக்கும் பங்கு உண்டு என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே பணக்கார நாடுகளின் பிரதிநிதிகளே, இந்த நெறிமுறையில் உங்கள் பங்கு வாக்களிப்பதோடு முடிந்துவிடாது.

இலங்கையின் கதையில் வேறொரு பாடம். 1945 முதல் அங்கே கல்வி இலவசம். ஆசியாவுக்கே முன்மாதிரி என்று பேசுவார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் பிள்ளைகள் 1970-களில் அரசு ஏற்கும் வரை தோட்ட நிர்வாகத்தின் ஓரறைப் பள்ளிகளிலேயே கிடந்தார்கள். நாடு முழுவதும் என்று சட்டம் சொல்லும்போது, அந்த நாட்டின் வரைபடத்தில் யாரைச் சேர்க்கவில்லை என்று கேட்க உங்கள் நெறிமுறையில் ஒரு வழி இருக்க வேண்டும்.

எனக்கு மிக நெருக்கமான பிரச்சினை பதினான்கு வயது. எங்கள் நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு அந்த வயதோடு முடிகிறது. எட்டாம் வகுப்பை முடித்துப் பதினான்கு வயதும் நிறைந்த பெண்ணுக்கு, மறுநாளே, படிக்கும் உரிமை அரசின் நல்லெண்ணமாக மாறிவிடுகிறது. அதே நாளிலிருந்து, ஆபத்தானவை என்று பட்டியலிட்டவை தவிர மற்ற வேலைகளுக்கு அவளை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய கதை உலகத்துக்கே தெரியும். முடிவில் தரும் மொத்தப் பணம் கல்யாணத்துக்கு என்பார்கள். அந்த ஆள்பிடிக்கும் தரகர்கள் எங்கள் ஊர்களுக்கு வந்தது எப்போது என்று நினைக்கிறீர்கள்? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு. சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அதிகாரிகளை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆம் உடன்படிக்கை, கட்டாயக் கல்வி முடியும் வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. கல்வி வயது உயராமல் வேலை வயது உயராது. மேல்நிலைக் கல்வி இலவசம் என்ற வரி நெறிமுறையில் வர வேண்டும் என்று நான் துடிப்பது இதனால்தான். பின்லாந்து 2021-இல் 18 வயது வரை கட்டாயம் என்று நீட்டியபோது, புத்தகமும் கருவிகளும் இலவசம் என்பதையும் சேர்த்தே நீட்டியது. அந்தச் சேர்த்தே என்பது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அது இன்னொரு நோட்டீஸாகத்தான் வந்து இறங்கும்.

மூன்று வயதுக் குழந்தை விஷயத்தில் மட்டும் கை நடுங்கட்டும். பிரான்ஸ் 2019-இல் மூன்று வயதிலிருந்தே கட்டாயம் என்றது. ஹங்கேரி அதற்கும் முன்பே. பின்லாந்திலோ முறையான பள்ளி ஏழு வயதில்தான். நல்ல பாலர் பள்ளி எல்லாக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும், இலவசமாக. ஆனால் அரசின் பாலர் பள்ளி எல்லா ஊரிலும் வருவதற்குள் வருகையைக் கட்டாயமாக்கினால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்: ப்ரீ-கேஜி, எல்.கே.ஜி. கடைகள் இன்னும் பெருகும். பேனா பிடிக்கவே தெரியாத விரல்கள் இரண்டு கோட்டு நோட்டில் ஆங்கில எழுத்து எழுதிக்கொண்டிருக்கும். அம்மா வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுவாள், சட்டம் சொல்கிறதே என்று.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரைவில் கட்டாயம் என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் அதன் எழுவாய் அரசாக இருக்கட்டும், அரசுக்கு அடுத்து வேலைக்கு வைப்பவராக இருக்கட்டும். கைக்கெட்டும் தொலைவில், கட்டணமில்லாமல், குழந்தைக்குப் புரியும் மொழியில் பள்ளி தராத அரசு எந்தத் தாய்தந்தையரையும் தண்டிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். பள்ளி நாட்காட்டி, சேரும் வயது, நடமாடும் பள்ளியா ஊர்ப் பள்ளியா என்பதையெல்லாம் அந்தந்தச் சமூகத்துக்கு விடுங்கள். சூளைக்குப் போகும் பிள்ளைக்குச் சூளையிலும், மந்தையோடு போகும் பிள்ளைக்கு மந்தையோடும் வகுப்பு போகட்டும். பெண் என்பதற்காகவோ, கருவுற்றாள் என்பதற்காகவோ, சமயத்தின் பெயராலோ ஒரு குழந்தையை வெளியே நிறுத்தும் உரிமையை மட்டும் எந்தச் சமூகத்துக்கும் விடாதீர்கள். படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவில் குழந்தையின் குரலைக் கேட்டுப் பதிவு செய்வதைக் கடமையாக்குங்கள். செலவைத் தாங்க முடியாத நாட்டுக்கு உதவுவதும் கடமை என்று எழுதுங்கள், நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாதீர்கள். இந்த வரிகள் யாருக்காக என்பதையும் மறக்காதீர்கள்: யுனெஸ்கோவின் 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளும் இளையோரும் 27 கோடிக்கு மேல்.

ஒருமித்த கருத்து வரட்டும் என்று காத்திருந்து இந்த வாசகங்களை நீர்க்கவிடாதீர்கள். அடுத்த அமர்வில் பெற்றோரைத் தண்டிப்பதற்கு எதிரான வரியையும் மேல்நிலைக் கல்வி இலவசம் என்ற வரியையும் தனித்தனியாக முன்வையுங்கள். எதிர்க்கும் அரசுகள் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும். அதை நடவடிக்கைக் குறிப்பில் நாட்டின் பெயரோடு ஏற்றுங்கள். எங்கள் நாடும் அதில் இருக்குமானால், அந்தக் குறிப்பை எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நானே வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்